கரைக்குப் போகும் யாத்திரிகர் கவனத்திற்கு

(நமது பங்கின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற கருத்தரங்கில் யாத்திரைக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



விழாக் குழுவினர் எங்களுக்குக் கொடுத்த தலைப்பு “கடற்கரைத் தலங்களில் பேரிடர் முன்னேற்பாடு” என்பது. அழைப்பிதழில் இதைப் படித்த சிலர் நேரிலேயே கேட்டுவிட்டார்கள்: “நம் ஊரிலிருந்து கடலுக்கு ஒரு நாள் பயணம். இங்கே கிணற்றில் தண்ணீர் இல்லையே என்றுதான் கவலை. அலையைப் பற்றி இங்கே பேசுவானேன்?” கேள்வி நியாயமானதே. ஆனால் நாம் கடலுக்கு வெகு தூரத்தில் இருக்கிறோம் என்பதுதான் இதைப் பேச வேண்டியதற்கே காரணம். ஆகஸ்டு மாதக் கடைசியில் காவி உடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் நம் பங்கில் எத்தனை பேர்! செப்டம்பர் 8-ம் நாள் திருவிழாவுக்குப் பேருந்து வைத்துப் போகிறோம். கிறிஸ்துமஸ் விடுமுறையில் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். அப்படியே இராமேசுவரம், கன்னியாகுமரி என்று நாலு இடம் பார்த்துவிட்டு வருகிறோம். கரையில் பிறந்தவனுக்கு கடலின் முகம் மாறினால் தெரியும். நமக்கு அது தெரியாது. தலையை மொட்டையடித்துக்கொண்டு, சந்தனம் பூசி, குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு நேரே அலைக்குள் இறங்குகிறவர்கள் நாம்தாம்.

வேளாங்கண்ணியின் வரலாறே ஒரு கடற்புயலோடு சம்பந்தப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். புயலில் சிக்கிய போர்த்துகீசிய மாலுமிகள் அன்னையை வேண்டிக் கரை சேர்ந்து, நன்றியாகக் கோவில் எழுப்பினார்கள் என்பது வழிவழி வந்த மரபு. அந்தக் கோவில் வளர்ந்து 1962-ல் பேராலயம் என்னும் சிறப்பைப் பெற்றது. ஆகவே கடல் ஆபத்தானது என்பது அந்தத் தலத்துக்குப் புதிய செய்தி அல்ல. யாத்திரிகர்களாகிய நாம்தாம் மறந்துபோனோம்.

2004-ம் ஆண்டு டிசம்பர் 26-ம் தேதியைச் சற்று நினைத்துப் பார்ப்போம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. தமிழகத்திலிருந்தும் கேரளத்திலிருந்தும் வந்த பக்தர்கள் வேளாங்கண்ணியில் நிறைந்திருந்தார்கள். நம் கடிகாரப்படி காலை ஏறக்குறைய ஆறரை மணிக்கு, சுமத்ரா தீவின் மேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள பூகம்பம் ஏற்பட்டது. அலை நாகப்பட்டினம் கரையை வந்து தொட்டபோது மணி ஒன்பதையொட்டி இருக்கும். நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அந்த நேரத்தில் திருப்பலி முடிந்தது, மக்கள் வெளியே வந்தார்கள், தேநீர் குடித்தார்கள், மெழுகுவர்த்தியும் மாலையும் வாங்கினார்கள், பிள்ளைகள் மணலுக்கு ஓடினார்கள். வருகிற ஆபத்தைச் சொல்ல ஒருவரும் இல்லை. இந்தியப் பெருங்கடலுக்கென்று அப்போது எச்சரிக்கை ஏற்பாடே கிடையாது. பசிபிக் கடலுக்கு ஹவாய்த் தீவில் 1949 முதல் ஒரு நிலையம் இருந்தது. நம் கடலுக்கு இல்லை.

நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தமிழகம் முழுவதும் ஏறத்தாழ 8,000 பேர். பல நாடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் 2,25,000-க்கும் அதிகம். வேளாங்கண்ணியில் கடற்கரையிலும் கடைத்தெருவிலும் நின்றவர்களில் நூற்றுக்கணக்கானோர் போய்விட்டார்கள். பேராலயத்துக்குள் தண்ணீர் புகவில்லை. அதை அன்னையின் அற்புதம் என்று பலரும் பக்தியோடு சொல்கிறார்கள். அந்தப் பக்தியை நாங்கள் குறை சொல்லவில்லை. ஆனால் அதைச் சொல்கிறபோது ஒரு வார்த்தை கவனமாய் இருக்க வேண்டும். மணலில் மாண்டவர்களும் அதே மாதாவைத் தேடி வந்தவர்கள்தாம். அவர்களில் எத்தனையோ பேர் அன்று காலை நற்கருணை வாங்கியவர்களாய் இருந்திருப்பார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைப் பற்றி ஆண்டவர் என்ன சொன்னார் என்பதை நற்செய்தியில் படித்திருக்கிறோம் அல்லவா? இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்லர். அவர்கள் நின்ற இடம் தாழ்வு. கோவில் நின்ற இடம் சற்று மேடு. அவர்களுக்குச் சொல்வார் இல்லை.

இன்னொரு துயரம் உண்டு. இதைச் சொல்லவே எங்களுக்கு மனம் கனக்கிறது. உள்ளூர் மீனவர் இறந்தால் பெயர் சொல்லி அழ ஊரே இருக்கும். வெளியூர் யாத்திரிகர் இறந்தால்? எந்த ஊர், எந்தப் பங்கு, யாருடைய பிள்ளை என்று சொல்ல ஆள் இல்லை. கூட வந்தவர்களும் போயிருப்பார்கள். யார் எவர் என்று அடையாளம் காண முடியாமலேயே பலர் ஒரே குழியில் அடக்கம் செய்யப்பட்டார்கள். ஒரு பேருந்தில் ஐம்பது பேர் ஏறினார்கள் என்றால், அந்த ஐம்பது பெயரும் எழுதிய ஒரு தாள் ஊரில் இருந்திருந்தால் எத்தனை குடும்பங்களுக்கு ஆறுதலாய் இருந்திருக்கும்! அந்தத் தாளைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

நம் கரைக்கு அதற்கு முன் சுனாமி வந்ததே இல்லை என்று அன்று பலர் சொன்னார்கள். அது சரியல்ல. 1881-ம் ஆண்டு டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே பூகம்பம் ஏற்பட்டபோது எழுந்த அலையை, நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் வைத்திருந்த கடல்மட்டக் கருவிகள் கோடு போட்டுக் காட்டியிருக்கின்றன. சிறிய அலைதான், ஆகவே யாருக்கும் நினைவில்லை. கருவி எழுதி வைத்தது, மனிதர் மறந்தார்கள்.

மறக்காத மனிதரும் உண்டு. சுமத்ராவுக்குப் பக்கத்தில் சிமலூ என்றொரு தீவு. பூகம்பம் பிறந்த இடத்துக்கு மிக அருகே இருப்பது. 2004-ல் அங்கே சுமார் 78,000 பேர் வாழ்ந்தார்கள். அலையில் இறந்தவர்கள் ஏழு பேர் என்று கணக்கு. காரணம் கருவியல்ல, பாட்டிமார்! 1907-ல் அத்தீவில் பேரலை வந்து ஏராளமானோர் இறந்தார்கள். அதை “ஸ்மோங்” என்று பெயரிட்டு, நிலம் பலமாக ஆடிக் கடல் உள்வாங்கினால் உடனே குன்றுக்கு ஓடு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். தொண்ணூற்றேழு ஆண்டு கழித்து அந்தச் சொல் உயிரைக் காத்தது. இதைப் படித்தபோது எங்களுக்குத் தோன்றியது: யாத்திரிகனுக்கும் சுற்றுலாப் பயணிக்கும் அந்தக் கரையில் பாட்டி கிடையாது. தாய்லாந்தைப் பாருங்கள். அங்கே புக்கெட், காவ்லாக் முதலிய உல்லாசக் கடற்கரைகளில் இறந்த ஏறத்தாழ 5,400 பேரில் பாதிப் பேர் வெளிநாட்டு விருந்தினர்.

அந்தத் தாய்லாந்தில் நடந்த ஒரு செய்தியைச் சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். ஏனெனில் அது நம் எல்லாக் கடற்கரைத் தலங்களுக்கும் பொருந்தும். அந்நாட்டு வானிலைத் துறையின் தலைவராயிருந்த ஸ்மித் தர்மசரோஜா என்பவர், புக்கெட் பகுதிக்குச் சுனாமி வரக்கூடும், எச்சரிக்கை ஏற்பாடு வேண்டும் என்று 1998-ல் எடுத்துச் சொன்னார். அவருக்குக் கிடைத்தது ஏச்சும் கேலியும்தான். வருகிற பயணிகளைப் பயமுறுத்தி ஊரின் பிழைப்பைக் கெடுக்கிறார் என்றார்கள். ஆறு ஆண்டு கழித்து அலை வந்தது. அதன் பிறகு அதே மனிதரை அழைத்துத்தான் தேசியப் பேரிடர் எச்சரிக்கை நிலையத்தைப் பொறுப்பேற்கச் சொன்னார்கள்.

விடுதிக்காரர், கடைக்காரர், வண்டிக்காரர் எல்லாருக்கும் பயணி வந்தால்தான் அடுப்பு எரியும். ஆகவே ஆபத்தைப் பற்றிய பேச்சு அவர்களுக்குக் கசக்கும். இது அவர்கள் குணக்கேடு அல்ல, வயிற்றுப்பாடு. ஆனாலும் எங்கள் கருத்து வேறு. “அலை வந்தால் இந்த வழியாகப் போகவும்” என்று அம்புக்குறி போட்ட பலகையைப் பார்த்து எந்தப் பயணியும் திரும்பிப் போகமாட்டான். ஜப்பானியக் கடற்கரைகளில் அத்தகைய பலகைகள் எங்கும் இருக்கின்றன; கூட்டம் குறையவில்லை. ஒடிசா மாநிலத்தில் வெங்கட்ராய்பூர், நோலியாசாகி என்ற இரண்டு கடலோரக் கிராமங்கள் வழிகாட்டிப் பலகை, தப்பும் பாதை வரைபடம், ஒத்திகை எல்லாம் செய்து, “சுனாமிக்கு ஆயத்தமான ஊர்” என்று 2020-ல் யுனெஸ்கோவிடம் சான்று பெற்றன. சாதாரண மீனவக் கிராமங்கள்! நாம் ஒரு விடுதியில் அறை எடுக்கும்போது விசிறி ஓடுகிறதா, தண்ணீர் வருகிறதா என்று கேட்கிறோம். மாடிப்படி எங்கே, மேல்தளத்துக் கதவு திறந்திருக்குமா என்றும் கேட்டால் என்ன? பத்து யாத்திரைக் குழுக்கள் கேட்டால் பதினோராவது குழு வரும்போது கதவு திறந்திருக்கும்.

சரி, அலை எப்படி வருகிறது? சுருக்கமாகச் சொல்கிறோம். கடலடி நிலம் திடீரென்று மேலெழும்பும்போது மேலிருக்கும் தண்ணீர் முழுவதும் தூக்கப்படுகிறது. ஆழ்கடலில் அந்த அலை ஆகாய விமானத்தைப் போல மணிக்கு 700, 800 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். ஆனால் உயரம் ஒரு முழம், இரண்டு முழம்தான் இருக்கும். நடுக்கடலில் இருக்கும் படகுக்காரருக்குத் தெரியவே தெரியாது. கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் ஏறும். சாதாரண அலை வந்து உடைந்து திரும்பும். இது அப்படியல்ல, கடலே எழுந்து தெருவுக்குள் நடந்து வருவது போல வந்துகொண்டே இருக்கும்.

கடல் உள்வாங்கினால் ஓட வேண்டும் என்பதை இப்போது எல்லாரும் அறிந்திருக்கிறோம். புக்கெட் தீவின் மை காவ் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரம் முன்பு பள்ளியில் பூகோள ஆசிரியர் நடத்திய பாடத்தை நினைத்து, நுரைத்துப் பொங்கிய கடலைக் கண்டு கத்தினாள். தகப்பனார் விடுதிக் காவலரிடம் சொல்ல, கடற்கரையில் இருந்த நூறு பேர் அளவில் தப்பினார்கள். மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகள் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் பிள்ளைகள் கத்தினால் காது கொடுங்கள்.

ஆனால் இதில் ஒரு நுட்பம் உண்டு. பூகம்பத்துக்குக் கிழக்கே, தாய்லாந்துப் பக்கத்தில்தான் கடல் முதலில் உள்வாங்கியது. மேற்கே, இலங்கையும் தமிழகமும் இருக்கும் பக்கத்தில், பெரும்பாலும் முதலில் தண்ணீர் ஏறியே வந்தது. உள்வாங்கியது அலைகளுக்கு நடுவில். மாமல்லபுரத்தில் நீர் விலகியபோது அடியிலிருந்த பழைய கற்கள் தெரிந்தன என்பது பத்திரிகைகளில் வந்த செய்தி. ஆகவே “கடல் இன்னும் வாங்கவில்லையே” என்று காத்துக்கொண்டு நிற்கலாகாது. நிலம் ஆடினாலும் சரி, கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் இறங்கினாலும் சரி, இரைச்சல் கேட்டாலும் சரி, ஒலிபெருக்கியில் அறிவித்தாலும் சரி, ஏதேனும் ஒன்று போதும். உடனே நடக்க வேண்டும். மேற்கே ஊருக்குள், கடலை விட்டு ஒரு கிலோமீட்டராவது, கூடுமானால் இரண்டு. முதியோர் இருந்து அவ்வளவு தூரம் நடக்க முடியாதென்றால், பக்கத்தில் உள்ள உறுதியான காங்கிரீட் கட்டிடத்தின் மூன்றாம் மாடிக்கு. முதல் அலை போனதும் செருப்பையும் பையையும் தேடித் திரும்பக் கூடாது. இரண்டாவது, மூன்றாவது அலை முதல் அலையைவிடப் பெரிதாய் வருவது உண்டு. சில மணி நேரம் பொறுத்து, அதிகாரிகள் சொன்ன பிறகே இறங்க வேண்டும்.

இப்போது நிலைமை 2004 போல இல்லை என்பதையும் நன்றியோடு சொல்ல வேண்டும். ஐதராபாத்தில் 2007 முதல் இந்தியச் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்கி வருகிறது. பெரிய பூகம்பம் ஏற்பட்ட சுமார் பத்து நிமிடத்தில் முதல் அறிவிப்பு புறப்பட்டுவிடும். சுமத்ராவிலிருந்து அலை வர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்றால், நேரம் இருக்கிறது. ஆனால் ஐதராபாத்திலிருந்து மாவட்ட ஆட்சியருக்கும், அங்கிருந்து காவல் நிலையத்துக்கும் வருகிற செய்தி, கடைசியில் மணலில் உட்கார்ந்து பொரித்த மீன் தின்றுகொண்டிருக்கும் நம் காதுக்கு வர வேண்டும். அந்தக் கடைசி அரை மைல்தான் கடினம்.

அந்த அரை மைலை ஓர் ஒலிபெருக்கி கடந்த கதை புதுவைக்கு அருகே நல்லவாடு என்னும் மீனவக் கிராமத்தில் நடந்தது. அவ்வூர் இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் வேலை பார்த்து வந்தார். அன்று செய்தியைக் கேட்டதும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்தார். கடல்நீர் ஏறுகிறது என்று வீட்டார் சொல்ல, ஓடச் சொல்லுங்கள் என்றார். அவ்வூரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஏற்படுத்திய தகவல் மையத்தில் ஒலிபெருக்கி இருந்தது. நாள்தோறும் கடல் நிலவரம் அறிவிப்பதற்காக வைத்தது. அதில் அறிவித்தார்கள். 3,600 பேர் வாழ்ந்த ஊரில் உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பினார்கள். கோவில் உள்ள எந்தக் கடற்கரை ஊரிலும் ஒலிபெருக்கியும் மணியும் இருக்கின்றனவே! எந்த மணியோசை பூசைக்கு, எந்த மணியோசை ஓடுவதற்கு என்று வந்திருக்கும் யாத்திரிகனுக்கும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே எங்கள் விண்ணப்பம்.

2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ரா அருகே மறுபடியும் 8.6 அளவில் பூகம்பம் வந்தது. தமிழகக் கரையிலும் மக்கள் விலகினார்கள். பெரிய அலை வரவில்லை. கடலடி நிலம் மேலே எழும்பாமல் பக்கவாட்டில் நகர்ந்ததே காரணம். “வீணாக ஓட வைத்தார்கள்” என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். அப்படிச் சொல்வது முறையல்ல. அந்த நாளில் அச்சே நகரத்தில் எல்லாரும் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்பட்டதால் சாலைகள் அடைபட்டு நின்றன என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். நம் பேருந்தில் ஏறிப் போய்விடலாம் என்று நம்பாதீர்கள். திருவிழா நாளில் வேளாங்கண்ணிச் சாலையில் பேருந்து நகருமா? கால்தான் வாகனம்.

சுனாமி நூற்றாண்டில் ஒன்றிரண்டு வருவது. ஆண்டுதோறும் உயிரைக் கொண்டுபோவது அதுவல்ல. சாதாரணமாகத் தோன்றும் கடல்தான். இதைச் சொல்லாவிட்டால் இவ்வுரை அரைகுறையாகும்.

அலை அலையாகக் கரைக்கு வரும் தண்ணீர் எப்படியும் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? மணல்மேட்டுக்கு நடுவே தாழ்வான ஓர் இடைவெளி கிடைத்தால் எல்லாத் தண்ணீரும் அதன் வழியே வேகமாக உள்நோக்கி ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாய் இருக்கும். வெளியூர்க்காரர் “இங்கே அலை குறைவு, பிள்ளைகளை இறக்கலாம்” என்று தேடிப் பிடிப்பது அந்த இடத்தைத்தான்! இழுப்பில் சிக்கினால் தேர்ந்த நீச்சல்காரரும் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்து மூழ்குவார். எதிர்க்காமல் மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பை விட்டு விலகி, பிறகு திரும்ப வேண்டும். நீந்தத் தெரியாத நமக்கோ ஒரே விதி: முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறும் இடத்துக்குப் போகாதிருப்பது. காப்பாற்றப் பாய்ந்தவரும் கூடவே மூழ்குவது வழக்கமாகிவிட்டது. காலித் தண்ணீர்க் கேன், வேட்டி, கயிறு எதையாவது எறியுங்கள், உயிர் காக்கும் நீச்சல் வீரரைக் கூப்பிடுங்கள், நீங்கள் குதிக்காதீர்கள்.

கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. கேரளத்து மீனவர் வைத்த பெயர். கள்ளனைப் போலச் சொல்லாமல் வருவதால் அப்பெயர். உள்ளூரில் காற்றில்லை, மழையில்லை, வானம் தெளிவாய் இருக்கும். ஆனால் வெகு தெற்கே, தென்துருவக் கடலை ஒட்டி வீசிய புயல் எழுப்பிய நீண்ட அலைகள் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணம் செய்து திடீரென்று கரையில் ஏறும். 2024 மே 6-ம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் பக்கம் லெமூர் கடற்கரையில், திருமணத்துக்காக அப்பக்கம் வந்திருந்த மருத்துவ மாணவ மாணவியரில் ஐவர் அலையில் சிக்கி இறந்தார்கள். அன்று கள்ளக்கடல் எச்சரிக்கை முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருந்தது. டாக்டருக்குப் படித்த பிள்ளைகள்! படிப்பில்லாமல் போகவில்லை, அந்தக் கரைக்கு அவர்கள் அந்நியர். இதைக் கேட்ட பிறகும் “ஒரு தடவை கால் நனைத்தால் என்ன?” என்கிறவர்களுக்கு நாங்கள் என்ன சொல்வது?

புயலைப் பற்றிக் கொஞ்சம். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்ததை மூத்தவர்கள் அறிவார்கள். பாம்பனிலிருந்து போன ரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலுக்குள் போயிற்று. இன்று அங்கே இடிந்து நிற்கும் கோவில் சுவரின் முன்னால் நின்று படம் பிடித்துக்கொள்கிறோம். 2017 முதல் அரிச்சல்முனை வரை நல்ல சாலை இருக்கிறது. இரு பக்கமும் கடல்; நடுவே ஒரு துண்டு மணல். ஏறி நிற்க மேடு இல்லை. மாலைக்குப் பின் அங்கே இருக்க விடுவதில்லை. அதைக் காவலரின் கெடுபிடி என்று முணுமுணுக்காதீர்கள்.

ஆனால் புயலுக்கும் சுனாமிக்கும் பெரிய வேற்றுமை உண்டு. புயல் சில நாள் முன்பே சொல்லிவிட்டு வருகிறது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றுகிறார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் மணிக்கு மணி சொல்கிறார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை கடந்தபோது, தென்னை, வீடு எல்லாம் அழிந்தன. ஆனால் கரையோர மக்களைப் பெருவாரியாக முகாம்களுக்கு முன்பே கொண்டு போயிருந்ததால் உயிர்ச்சேதம் பெருமளவு குறைந்தது. ஆகவே யாத்திரிகர் செய்ய வேண்டியது எளிது: புறப்படாதிருப்பது. எளிது என்று சொல்லிவிட்டோம். உண்மையில் இதுதான் நமக்கு மிகக் கடினம். பேருந்துக்கு முன்பணம் கொடுத்தாகிவிட்டது, அறை பிடித்தாகிவிட்டது, பிள்ளைக்கு அங்கே மொட்டை போடுவதாக நேர்ச்சை. “மாதா பார்த்துக்கொள்வார்கள், புறப்படுங்கள்” என்று யாராவது ஒரு பெரியவர் சொன்னால் அப்புறம் யாரும் மறுத்துப் பேசமாட்டார்கள். முன்பணம் போனால் போகட்டும். நேர்ச்சையை ஒரு மாதம் தள்ளி வைத்தால் அன்னை கோபிக்கமாட்டார்கள். எந்தத் தாய் தன் வீட்டுக்குப் பிள்ளை புயலில் வர வேண்டும் என்று கேட்பாள்? இதைக் குருவானவரே பலிபீடத்திலிருந்து சொன்னால் நன்றாயிருக்கும் என்று கேட்டோம், சம்மதித்திருக்கிறார்கள்.

இனி, பொன்விழா ஆண்டில் நம் யாத்திரைக் குழு செய்யப் போவதைச் சொல்லி அமர்கிறோம். ஏறுகிற ஒவ்வொருவர் பெயர், வயது, வீட்டார் தொலைபேசி எண் எல்லாம் எழுதி இரண்டு படி எடுப்போம். ஒன்று பேருந்தில், ஒன்று பங்கு இல்லத்தில். குழந்தைகள், முதியோர் கழுத்தில் பெயரும் ஊரும் எழுதிய அட்டை தொங்கும், வெட்கப்பட வேண்டாம். கரையில் இறங்கியதும் முதலில் கடலுக்குப் போவதில்லை. உள்ளூரார் ஒருவரைக் கேட்டு, எந்தத் தெரு மேற்கே போகிறது, எந்தக் கட்டிடம் உயரம் என்று எல்லாரும் ஒரு தடவை நடந்து பார்ப்போம். பிரிந்தவர்கள் வந்து சேர ஓர் இடம் குறிப்போம். அது கடற்கரையில் இருக்காது. பேருந்து மேற்குப் பார்த்து நிறுத்தப்படும். குளிக்கிறவர்களோடு இருவர் குளிக்காமல் கரையில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். முறை வைத்து மாறுவார்கள். இருட்டிய பின் மணலில் படுப்பதில்லை. மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108. இவை பேருந்துக்குள் பெரிய எழுத்தில் ஒட்டப்படும்.

இவ்வாண்டு யாத்திரைக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் பங்கு இல்லத்து முன்திண்ணைக்கு வரவும். தொலைபேசி எண் இல்லாமல் வெறும் பெயர் மட்டும் கொடுத்தால் ஏற்றுக்கொள்ள மாட்டோம் என்பதை இப்போதே சொல்லி வைக்கிறோம்.